தூங்குமூஞ்சி மரங்களுக்குப் பின்னால்

சனி, ஈசூன்

சிங்கப்பூரின் மொத்தப் பரப்பு 730 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதில் விவசாயத்துக்கு மிஞ்சியிருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் துண்டு நிலத்தைப் பார்க்கத்தான் மன்னார்குடியிலிருந்து வந்திருக்கிறேன். எங்கள் டெல்டாவில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல் கிடப்பதால் ஒரு வாய்க்கால் தூர்ந்தாலும், ஒரு களத்துமேடு மனையாக மாறினாலும் அது கணக்கில் வருவதில்லை. ஊருக்கே தெரியும்போது காரியம் முடிந்திருக்கும். இங்கே நிலம் சிறிது. எந்த ஆண்டில் எது போனது, எதற்காகப் போனது என்பதெல்லாம் ஆவணத்தில் இருக்கிறது. ஆகவே நிலத்தின் குணம் எப்படி உருவாகிறது, எப்படிக் கலைகிறது என்று கற்றுக்கொள்ள இது நல்ல இடம்.

நிலத்தின் குணத்தை முறையாக எழுதிவைக்கும் வழக்கம் பிரிட்டனில் வளர்ந்தது. 2002 இல் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் சேர்த்து இதற்கான கையேடு வெளியிட்டார்கள். இன்று இங்கிலாந்து முழுவதையும் 159 நிலப்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி விவரம் வைத்திருக்கிறார்கள். பாறை, மண், நீரோட்டம், வயல்களின் அளவும் வடிவமும், வேலி, வீடுகள் அமைந்திருக்கும் விதம், சாலையின் போக்கு, அங்கே கேட்கும் சத்தம் வரை எல்லாம் அதில் உண்டு. அந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் முதல் விதி: முதலில் விவரி, மதிப்பீடு பிறகு. ஒருவருடைய அங்க அடையாளங்களைக் குறிப்பதும் அவர் நல்லவரா என்று தீர்ப்புச் சொல்வதும் வேறு வேறு வேலைகள் அல்லவா? நம் ஊரில் முதல் வேலையைச் செய்யாமலே இரண்டாவதற்குப் போய்விடுகிறோம். கோயில் இருந்தால் பாதுகாக்கிறோம். கோயிலுக்கு முன்னால் விரிந்திருக்கும் வயலை விட்டுவிடுகிறோம்.

தங்கியிருப்பது அத்தை வீட்டில், பன்னிரண்டாவது மாடி. மாமா செம்பவாங் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அவருடைய அப்பா பால்மரம் சீவியவர். இரவு உணவுக்குப் பிறகு மேசையில் வரைபடத்தை விரித்தேன். மாமா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எதையும் தேடாமல், ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் மேல் விரலை வைத்தார். “இங்கேதான் பால் நிறுக்கும் கொட்டகை இருந்தது” என்றார்.

ஞாயிறு, லிம் சூ காங்

காலையில் மாமாவுடன் 975 ஆம் எண் பஸ்ஸில் கிளம்பினோம். சுவா சூ காங்கின் அடுக்குமாடிகள் முடிந்ததும் சாலையின் இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள் மேலே கைகோத்து நிற்கின்றன. கிளைகளில் பறவைக்கூட்டுப் பெரணிகள் அடர்ந்திருக்கின்றன. லிம் சூ காங் சாலை சிங்கப்பூரின் ஐந்து மரபுச் சாலைகளில் ஒன்று. சாலையின் இரு பக்கமும் பசுமை வளையமாகச் சட்டப் பாதுகாப்பு பெற்றிருப்பதால் அங்குள்ள மரங்களை நினைத்தபடி வெட்ட முடியாது. இதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அந்தப் பாதுகாப்பு சாலையோரத்தோடு நின்றுவிடுகிறது. மரங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது, அது மாறினால் இந்தச் சாலைக்கு என்ன பொருள் என்ற கேள்வி அதற்குள் வரவில்லை.

இதே சாலையில் ஓரிடத்தில் மரங்கள் சட்டென விலகுகின்றன. தெங்கா விமானத் தளத்தை ஒட்டி, வளைவே இல்லாத அகலமான நீட்டம். தேவைப்பட்டால் விளக்குக் கம்பங்களையும் பஸ் நிறுத்தங்களையும் பெயர்த்தெடுத்துவிட்டுப் போர் விமானங்கள் இறங்கும் ஓடுபாதையாக மாற்றிக்கொள்வதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பயிற்சிக்காகப் பலமுறை அப்படி மாற்றியும் இருக்கிறார்கள். கீரைப் பாத்திக்கு மேலே போர் விமானம் இரைந்துகொண்டு போவதும் இந்த நிலத்தின் குணத்தில் ஒரு பகுதிதான். அழகான விஷயங்களை மட்டும் எழுதினால் அது பதிவாகாது.

சந்துகளுக்குள் நடந்தோம். பெரும்பாலான சந்துகளுக்கு எண்தான் பெயர். நிலம் மெல்ல ஏறி இறங்குகிறது. பள்ளங்களில் செம்மண் கலங்கிய ஓடைகள். பழைய பண்ணைகளில் ஒரு குளம் கட்டாயம் இருக்கிறது. ஒரு காலத்தில் சீனக் குடியானவர்கள் பன்றி, மீன், காய்கறி மூன்றையும் ஒரே சுற்றில் வளர்த்தார்கள். பன்றிக் கழிவு குளத்துக்குப் போகும், குளத்து ஆகாயத்தாமரை பன்றிக்குத் தீனியாகும், குளத்து நீரும் சேறும் பாத்திக்குப் போகும். காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு பாத்திகளுக்கு நடுவே ஓட்டமும் நடையுமாகத் தண்ணீர் ஊற்றுவதை மாமா சிறு வயதில் பார்த்திருக்கிறார். பாத்தி ஏன் இந்த அகலம் என்பதற்கு அந்த இரண்டு வாளிகளே காரணம் என்று அவர் சொன்னதும் நின்று அளந்தேன். நடைவழியின் அகலம் ஓர் ஆளும் ஒரு கம்பும்தான். இன்று அங்கே தெளிப்பான் ஓடுகிறது. ஆனால் பழைய அளவு மாறவில்லை.

அதற்கும் முந்திய அடுக்கு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றோரமாக, தோல் பதனிட உதவும் காம்பீரும் மிளகும் பயிரிட்டார்கள். ஆற்றுத் துறைக்கு ஒரு தலைவர், அவரை ‘காங்சூ’ என்பார்கள். லிம் சூ காங், சுவா சூ காங் ஆகிய பெயர்கள் அந்த ஏற்பாட்டிலிருந்து வந்தவை. காம்பீர் இலையைக் காய்ச்ச விறகு மலைபோல வேண்டும். செடியோ மண்ணைச் சில ஆண்டுகளில் சக்கையாக்கிவிடும். காட்டை அழித்து, மண்ணைத் தீர்த்துவிட்டு, பலர் மலேசியப் பக்கத்து ஜொகூருக்கு நகர்ந்தார்கள். பிறகு ரப்பர் வந்தது. சாலையோரக் காட்டுக்குள் எட்டிப் பார்த்தால் ரப்பர் மரங்கள் இன்னும் நிரை பிசகாமல் நிற்கின்றன. மாமா ஒரு மரத்தின் பட்டையைத் தடவி, பழைய வெட்டின் தழும்பைக் காட்டினார். மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் சாய்வெட்டு முறையைச் செம்மைப்படுத்தியவர் சிங்கப்பூர்ப் பூமலை என்னும் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி. அந்த வெட்டுக்குப் பின்னால் விடியலுக்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நடந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. இது ‘இரண்டாந்தரக் காடு’ என்று தாவரவியல் குறிப்பில் ஒரு வரியாகப் போய்விடக் கூடாது. இந்த நிரைகள் ஓர் ஆவணம்.

வழியில் ஒருவர் சாலையோரப் புல்லை அரிவாளால் அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அறந்தாங்கிப் பக்கம். இங்கே மாட்டுப் பண்ணையில் வேலை. பால் கறந்ததும் ஒரு பகுதி கோயில்களின் அபிஷேகத்துக்குப் போகிறது என்றார். “எந்த இடத்துப் புல் மாட்டுக்குப் பிடிக்கும்?” என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “குளத்துப் பக்கம் அறுத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும் அக்கா. மேட்டுப் புல்தான் சாப்பிடும்” என்றார். மண்ணின் ஈரத்தையும் உயரத்தையும் பற்றி நான் தாளில் குறித்து வைத்திருந்ததை அவருடைய மாடு ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது. நிலத்தோற்றம் என்பது ‘மக்கள் உணர்கிறபடி’ அமைந்த ஒரு பகுதி என்று 2000 இல் புளோரன்ஸ் நகரில் கையெழுத்தான ஐரோப்பிய நிலத்தோற்ற உடன்படிக்கை சொல்கிறது. அந்த ‘மக்கள்’ பட்டியலில் இந்தத் தொழிலாளியின் பெயர் முதலில் வர வேண்டும். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகிறவர் என்பதற்காக அவரை யாரும் கேட்காமல் விடுகிறார்கள்.

மாமாவை ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. “பண்ணை இருக்கிறது, ஆனால் ஊர் எங்கே?” நியோ தியூ பக்கத்தில் குடியானவர்களுக்காகக் கட்டிய சிறு வீடமைப்புப் பேட்டை ஒன்று இருந்தது. 2002 இல் அதைக் காலி செய்தார்கள். பிறகு ராணுவப் பயிற்சிக்குப் போய்விட்டது. பள்ளி, மளிகைக் கடை, கூத்துமேடை என்று ஊருக்கு அடையாளமானவை இல்லாமல் உற்பத்தி மட்டும் எஞ்சிய நிலம் இது. நிலத்தின் குணத்தைப் பதிய நான் வைத்திருக்கும் படிவத்தில் ‘குடியிருப்பு’ என்ற கட்டத்தில் இதை எழுதியபோது கை தயங்கியது.

திங்கள், மழை

விடாத மழை. வீட்டிலிருந்தே பழைய அறிக்கைகளைப் படித்தேன். இரண்டு தேதிகள் முக்கியம். 1984 இல் பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக மூடுவதாக அரசு அறிவித்தது. பன்றிக் கழிவு, குடிநீருக்கான நீர்ப்பிடிப்புப் பகுதிகளைக் கெடுத்ததும் நிலம் வேறு தேவைகளுக்கு வேண்டியிருந்ததும் காரணங்கள். குடிநீர் பற்றாக்குறையுள்ள தீவுக்கு அந்த முடிவு நியாயமானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பன்றி போனபோது மீனும் காய்கறியும் சேர்ந்த அந்தச் சுற்றே அறுந்தது. 1986 முதல் வேளாண் தொழில்நுட்பப் பூங்காக்கள் வந்தன. சதுரமான மனைகள், நேரான சந்துகள், குத்தகைக் காலம். நேற்று பார்த்த இரண்டு வகைச் சந்துகளின் வேறுபாடு இன்று காகிதத்தில் விளங்கியது. வளைந்து போவது ஓடையைப் பின்பற்றிய பழைய வழி. நேராக ஓடுவது 1986 க்குப் பிந்தியது.

அத்தை வெந்தயக் குழம்பு வைத்தார்.

செவ்வாய், சுங்கை பூலோ

இன்று பார்த்தது பண்ணை அல்ல, ஒரு காலத்தில் பண்ணையாக இருந்தது. சுங்கை பூலோவில் அலையாத்திக் காட்டுக்கு நடுவே இறால் குளங்கள் வெட்டியிருந்தார்கள். கடல் ஏற்றத்தின்போது மதகைத் திறந்தால் கடல்நீரோடு இறால் குஞ்சுகள் உள்ளே வரும். வளர்ந்ததும் வற்றத்தில் நீரை வடித்து வலையில் பிடிப்பார்கள். கைவிடப்பட்ட குளங்களில் வலசைப் பறவைகள் இறங்குவதை 1986 இல் பறவை ஆர்வலர்கள் கண்டார்கள். 1993 இல் இயற்கைப் பூங்கா, 2002 இல் இயற்கைக் காப்பகம்.

நான் வியந்து நின்றது மதகருகில்தான். குளங்களை அப்படியே ‘இயற்கைக்கு’ விட்டிருந்தால் அலையாத்தி முளைத்து மூடியிருக்கும். பவளக்காலிகளுக்கும் உப்புக்கொத்திகளுக்கும் கால் வைக்கச் சேறு கிடைத்திருக்காது. ஆகவே இன்றும் மதகைத் திறந்து மூடி நீர்மட்டத்தை ஏற்றி இறக்குகிறார்கள். இறாலுக்காக ஆள் செய்த வேலையை இப்போது பறவைக்காகச் செய்கிறார்கள். பண்ணையாளின் கைவேலை தொடர்ந்ததால்தான் நிலத்தின் குணமும் நின்றது. நிலத்தைப் பாதுகாப்பது என்றால் கைவைக்காமல் வேலி போடுவது என்று நம்புகிறவர்கள் இந்த மதகின் முன்னால் அரைமணி நேரம் நின்று பார்க்க வேண்டும்.

திரும்பும் வழியில் கிராஞ்சி சதுப்பு நிலம். 1975 இல் ஆற்றின் வாயை அணைகட்டி அடைத்து நீர்த்தேக்கம் ஆக்கியதில் தாழ்ந்த நிலங்கள் மூழ்கி உருவானது. கோபுரத்தில் ஏறினால் தாழைக்கோழியின் குரல். எதிர்ப்புறத்தில் ஜொகூரின் கட்டடங்கள்.

புதன், புவாங்கோக்

சிங்கப்பூரின் பெருந்தீவில் எஞ்சிய ஒரே கம்பம், அதாவது மலாய்க் கிராமம், இது. தகரக் கூரை வீடுகள் சில, சூராவ் என்னும் சிறு தொழுகையிடம் ஒன்று, ஈரமான மண்வழி. முந்தைய பெயர் ‘கம்போங் செலாக் காயின்’. வெள்ளம் வந்தால் கைலியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததால் வந்த பெயர். சுற்றிலும் உயர்ந்த குடியிருப்புகள். வருங்காலத் திட்டத்தில் இந்த இடத்தில் சாலையும் பள்ளியும் குறிக்கப்பட்டிருக்கின்றன.

நெடுநேரம் நிற்கவில்லை. இங்கே வாழ்கிறவர்களின் வாசலைக் கேமராவோடு மொய்க்கிற கூட்டம் ஏற்கெனவே போதும் என்ற அளவுக்கு இருக்கிறது. ஒரு மலாய்ப் பாட்டி செம்பருத்தி வேலிக்கு அப்பாலிருந்து கை அசைத்தார். மாமா மலாயில் நலம் விசாரித்தார். வேலியின் உயரத்தை மட்டும் குறித்துக்கொண்டேன். நெஞ்சு மட்டம். நின்றால் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசலாம், உட்கார்ந்தால் மறைவு. இந்த உயரத்தை யாரும் சட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை. இங்கிலாந்தில் 1997 முதல், முப்பது ஆண்டு கடந்த நாட்டுப்புற உயிர்வேலியைப் பிடுங்க உள்ளாட்சிக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். வேலியை ஊரின் சொத்தாக நினைத்தால் இந்தியாவிலும் இங்கும் அப்படி ஒன்று செய்ய முடியும்.

வியாழன், புலாவ் உபின்

சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்புகிறது. ஆள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். தீவின் வேகம் துறையிலேயே தொடங்கிவிடுகிறது.

உபின் சுமார் பத்து சதுர கிலோமீட்டர். கருங்கல் எடுத்த தீவு. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் இந்தக் கல்லால் கட்டியதுதான். கல்லுடைத்தவர்கள் போனபின் பள்ளங்களில் நீர் நிரம்பி இன்று ஏரிகளாக நிற்கின்றன. தென்னை, ரப்பர், டுரியான் தோப்புகள் பராமரிப்பு இல்லாமல் காட்டோடு கலந்துவிட்டன. ஒரு காலத்தில் இரண்டாயிரம் பேர் வாழ்ந்த இடத்தில் இப்போது சில குடும்பங்கள். கிணற்று நீர், ஜெனரேட்டர் மின்சாரம்.

இங்கே சிங்கப்பூர் எடுத்த ஒரு முடிவை ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்லப் போகிறேன். கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவாவை மண்ணடித்துத் தூர்க்கும் திட்டம் இறுதியாகிவிட்டிருந்தது. 2001 இல் தொண்டர்களும் ஆய்வாளர்களும் வற்ற நேரங்களில் இறங்கி அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பட்டியலிட்டார்கள். அந்தப் பட்டியல் அரசிடம் போனது. அந்த ஆண்டு டிசம்பரில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கோஷத்தால் மட்டும் இது நடக்கவில்லை. விவரிப்பு கையில் இருந்ததால் பேச முடிந்தது. 2014 இல் உபின் திட்டம் என்ற பெயரில் மக்களையே அழைத்து, தீவை எப்படி வைத்திருக்கலாம் என்று கேட்கத் தொடங்கினார்கள். பழைய வீடுகள் சிலவற்றைத் தேசியப் பூங்காக் கழகம் செப்பனிட்டிருக்கிறது.

செப்பனிட்ட வீட்டின் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பலகைகள் நேர்த்தி, கூரை நேர்த்தி. முற்றத்தில் சேவல் இல்லை, அடுப்பில் புகை இல்லை. மாமா எழுந்து கொல்லைப்புறம் போனார். “மரவள்ளிக்கு நல்ல மண், சும்மா கிடக்கிறது” என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். வீட்டைக் காப்பாற்றியது நல்ல காரியம். அந்த வீடு எந்தத் தோட்டத்தைப் பார்த்துக் கட்டப்பட்டதோ அந்தத் தோட்டத்தில் யாராவது மண்வெட்டி பிடித்தால்தான் வேலை முழுமையாகும். தோட்டம் போட விரும்பும் இளையர் இந்த நாட்டில் நிச்சயமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கொல்லையைக் கொடுத்துப் பார்க்கலாம்.

செக் ஜாவா போகும் வழியில் பழைய தோப்பு மரத்தில் இருவாட்சி ஜோடி ஒன்று அமர்ந்திருந்தது. சிங்கப்பூரில் நெடுங்காலம் காணாமல் போயிருந்த பறவை, 1994 இல் மீண்டும் உபினில் தென்பட்டது. பொந்துள்ள பெருமரம் போதவில்லை என்பதால் செயற்கைக் கூடுகள் பொருத்தி உதவினார்கள். மனிதன் நட்ட பழத்தோப்பில் காட்டுப் பறவை பிழைக்கிறது.

வெள்ளி, தேக்காவும் வீடும்

அத்தைக்கு வாழையிலையும் முருங்கையும் வேண்டும் என்று தேக்கா சந்தைக்குப் போனோம். எருமைச் சாலையைக் கடந்தபோது மாமா வரலாற்றை நினைவுபடுத்தினார். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஈரநிலத்தில் புல்லும் தண்ணீரும் இருந்ததால் மாட்டு வணிகம் இங்கே தழைத்தது. மாட்டுக்காரர்களாகவும் பால்காரர்களாகவும் தமிழர்கள் குடியேறினார்கள். தேக்கா அடங்கிய லிட்டில் இந்தியா 1989 இல் பாதுகாப்பு வட்டாரமானது. கடைவீடுகள் தப்பின, பெயர்ப்பலகையில் எருமை தப்பியது. அந்த எருமையை இங்கே நிறுத்திவைத்த ஈரநிலத்தின் சுவடு எங்கும் இல்லை. பொங்கலுக்கு இந்தத் தெருவுக்கு மாடு கொண்டுவர வேண்டுமென்றால் தொலைவில் உள்ள பண்ணையிலிருந்துதான் வர வேண்டும். லிம் சூ காங் போய்விட்டால் அந்த வழியும் அடைபடும்.

இரவு மறுபடியும் மேசையில் வரைபடம். லிம் சூ காங்கின் 390 ஹெக்டேரை உயர்தொழில்நுட்ப உணவு உற்பத்தி வட்டாரமாக்கும் திட்டம் 2020 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 2030 க்குள் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்நாட்டிலேயே விளைவிப்போம் என்ற 2019 இன் இலக்கு, 2025 நவம்பரில் மாற்றப்பட்டு, 2035 க்கான புதிய இலக்குகள் வந்தன. திட்டங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும், மாறத்தான் செய்யும். அதனால்தான் நிலத்தைப் பற்றிய விவரிப்பு திட்டத்துக்கு முன்பே, திட்டத்தைச் சாராமல் தயாராக இருக்க வேண்டும் என்கிறேன். அடுக்குப் பண்ணை கட்டட்டும். குறுகிய நாட்டில் அதற்கும் தேவை இருக்கிறது. கட்டுமுன் இவற்றை யாராவது எழுதிவைக்கட்டும்.

மாமா பென்சிலால் குறிக்கக் குறிக்க நான் எழுதிய பட்டியல் இது. ஓடையைப் பின்பற்றி வளையும் பழைய சந்துகளை நேராக்கக் கூடாது. ஒவ்வொரு பழைய பண்ணையின் குளமும் வரைபடத்தில் தனி எண் பெற வேண்டும். கட்டடம் அதைச் சுற்றி அமையட்டும். ரப்பர் நிரைகளில் ஒரு பகுதியாவது, நிரை தெரியும் நீளத்துக்கு, நிற்க வேண்டும். மரபுச் சாலையின் மரங்களுக்குப் பின்னால் சுவர் எழும்பாமல், நடுநடுவே திறந்த பாத்திகள் கண்ணில் படும் இடைவெளி வேண்டும். இரவில் இந்தப் பக்கம் இருட்டாக இருப்பதையும் ஒரு சொத்தாகக் கணக்கில் எடுக்க வேண்டும். பண்ணையில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் எந்த அறிக்கையும் முடியக் கூடாது.

மாமா கடைசியாகச் சேர்த்தது குத்தகைக் காலம். இருபது ஆண்டுக் குத்தகையில் நிலம் எடுத்தவர் கீரை விதைப்பார், கோழி வளர்ப்பார். டுரியான் கன்று நடுவாரா என்று கேட்டார். காய்ப்புக்கு வர எட்டுப் பத்து ஆண்டு, உச்சத்துக்கு வர இன்னும் பல ஆண்டு. மரம் நடுகிறவருக்கு மட்டும் நீண்ட குத்தகை என்று ஒரு தனி வகை வைத்தால் என்ன என்பது அவர் யோசனை. பட்டியலில் அதை முதல் வரிக்கு ஏற்றினேன். நாளை இதைச் சுத்தமாகப் படியெடுத்து, கிராஞ்சிப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இருவரிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் எதை அடித்துத் திருத்துகிறார்கள் என்று பார்க்கப் போகிறோம்.